ஏறியதா, இறங்கியதா?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சில வாசகர்கள் போன் பண்ணினார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. அக்காவை விமானத்தில் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு.

அக்கா இருப்பது திருநெல்வேலி. சென்னைக்கு வர அவளுக்கு ரயில் இருக்கிறது. ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். அதை விட்டுவிட்டு, நாகர்கோவில் வழியாக பஸ்ஸில் குலுங்கி, அடுத்த மாநிலத்துக்குப் போய் எதற்கு விமானம் ஏற வேண்டும்? டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரரே கேட்டார். அவரிடம் சிரித்து மழுப்பிவிட்டேன். உங்களிடம் அப்படி முடியாது.

அக்கா டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அத்தான் வளைகுடாவில் இருந்தார் – துறைமுக கிரேன்களைப் பழுது பார்க்கிற கம்பெனியில் என்ஜினீயர். கல்யாணமான பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். கொண்டு வந்த பெட்டியைப் பிரித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சென்ட் பாட்டிலும் டார்ச் லைட்டும் கொடுத்து முடிப்பதற்குள், திரும்பப் பெட்டி கட்டுகிற நாள் வந்துவிடும். "இந்த கான்ட்ராக்ட் முடியட்டும், ஒரேடியா வந்துருதேன்" என்பார். சேர்ந்து வாழ்ந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது.

எண்பதுகளின் கடைசி அது. வளைகுடாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு வேலையாக எதிர்க்கரைக்குப் போன அத்தான், வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வர விமானம் ஏறினார். சின்னப் பயணம். கடலைத் தாண்டினால் இறங்கிவிடலாம். ஆனால் அந்தக் கடலில் வேறொரு நாட்டின் போர்க்கப்பல் நின்றுகொண்டிருந்தது. அது ஏவுகணை விட்டு விமானத்தைச் சுட்டது.

எதிர்க்கரை நாட்டின் சாதாரணப் பயணிகள் விமானம்தான். குழந்தைகள்கூட இருந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. சிலருடைய உடல்கள் கிடைத்தன. அத்தானுடையது கிடைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் விசாரணைகள் ஆரம்பித்தன.

சுட்டவர்கள் சொன்னார்கள் – விமானம் எங்கள் கப்பலை நோக்கி இறங்கி வந்தது, போர் விமானம் என்று நினைத்துவிட்டோம். பறிகொடுத்தவர்கள் சொன்னார்கள் – அது தன் வழக்கமான பாதையில் மேலே ஏறிக்கொண்டிருந்தது, யாருக்கும் எந்த மிரட்டலும் இல்லை. ஒரு அறிக்கை வரும். அதை மறுத்து இன்னொன்று வரும். கருவியில் ஏறியதாகப் பதிவாகியிருக்கிறது என்பார்கள். கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இறங்கியது என்றார்களே என்பார்கள். கடைசியில் வழக்கு ஏதோ ஒரு குளிர்நாட்டுக் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் ஊர் முக்கில் சைக்கிளும் ஆட்டோவும் மோதிக்கொண்டால்கூட, விழுந்தவனைத் தூக்குவதற்கு முன்னால் நமக்கு முதல் கேள்வி என்ன? யார் மேலே தப்பு? நாடுகளும் அப்படித்தான் போல...

ஆனால் அக்காவுக்கு அந்தக் கேள்வியில் அக்கறையே இல்லை. 'ஏறியதா, இறங்கியதா' என்பதை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஏறிக்கிட்டு இருந்துச்சுன்னா, அப்பதான் பெல்ட்டைப் போட்டுட்டு உக்காந்திருப்பாரு. இறங்குச்சுன்னா, ஊர் வந்துட்டுன்னு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு. ரெண்டும் ஒண்ணாலே?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டாள்.

அவர் கடைசியாக எப்படி உட்கார்ந்திருந்தார் என்று அவள் நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு நாடுகளும் ஒத்துப் போக வேண்டியிருந்தது!

தினமும் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் டிரான்சிஸ்டரைத் திருகி, வெளிநாட்டிலிருந்து வரும் தமிழ் ஒலிபரப்பில் செய்தி கேட்பாள். கரகரப்புக்கு நடுவே காதை ஒட்ட வைத்துக்கொண்டு. விமானத்தைப் பற்றி மாதக்கணக்கில் ஒரு வார்த்தை இருக்காது. இருந்தாலும் கேட்பாள். பொட்டை அழிக்கவில்லை. பூ வைப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கப் பயந்தார்கள்.

கேட்டவர் ஒருவர்தான். அவளுடைய மாமனார். ஏரலில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர். கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஒவ்வொரு வருஷமும் ஆடி அமாவாசைக்கு முன்னால் பஸ் ஏறி வருவார். ஒரு சீப்புப் பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்காருவார்.

"ஏ தாயி, அவனுவ சண்டை தீருத வரைக்கும் நம்ம புள்ளைக்கு ஒரு கை எள்ளும் தண்ணியும் கிடையாதா?"

"விசாரணை முடியட்டும் மாமா."

"அது எப்ப முடியும்?"

"முடியும் மாமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். கோபித்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அக்கா கூடவே போவாள்.

சில வருஷங்கள் இப்படியே போயின. அப்புறம் ஒருநாள் முடிந்தேவிட்டது.

நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டே வாக்கியச் செய்தி. இரு நாடுகளும் பேசித் தீர்த்துக்கொண்டன. வழக்கு வாபஸ். யார் மேல் தப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வருத்தம் மட்டும் தெரிவித்துக்கொண்டார்கள். அடுத்து கிரிக்கெட்.

அக்கா ரேடியோவை அணைத்தாள்.

"முடிஞ்சிட்டாம்லே."

நான் சும்மா இருந்திருக்கலாம். "நல்லதுதானக்கா... இனிமேலாவது நீ நிம்மதியா..." என்று ஆரம்பித்தேன்.

"என்னலே நல்லது? இத்தனை நாளும் அவரு மேலயே இருந்தாரு. ஒருத்தன் ஏறுதுன்னான், ஒருத்தன் இறங்குதுன்னான். ரெண்டு பேரும் சேந்து அவரை மேலயே வச்சிருந்தாங்க. இன்னைக்கித்தாம்லே கீழ விழுந்திருக்காரு."

சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அத்தான் போன சேதி வந்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிள்ளைகளின் தாளெல்லாம் நனைந்தது. நான் ஒவ்வொன்றாக எடுத்து ஃபேனுக்கு அடியில் பரப்பினேன். வேறென்ன செய்ய?

அடுத்த அமாவாசைக்கு ஏரலுக்குப் போனோம். மகன் அப்பனுக்குச் செய்ய வேண்டியதை, அப்பன் ஆற்றுக்குள் நின்று மகனுக்குச் செய்தார். கரையேறி வந்தவர் அக்காவிடம், "பாரமா இருந்துச்சு தாயி, இறக்கிட்டேன்" என்றார். அக்கா தலையாட்டினாள். அவளுடைய பாரம் இறங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஆழ்வார்திருநகரி தாண்டியதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னை ஒரு தடவை பிளேன்ல கூட்டிட்டுப் போவியா? திருவனந்தபுரத்துல இருந்து போவணும்."

ஏன் அந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அங்கிருந்துதான் அத்தான் ஒவ்வொரு தடவையும் கிளம்புவார். அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று, கடைசி ஆள் உள்ளே போகிறவரைக்கும் கை காட்டுவாள்.

போகலாம், போகலாம் என்று தள்ளிப்போய்... போன வாரம்தான் வாய்த்தது.

ஏர்போர்ட்டுக்குள்ளே போனதும் அக்கா நின்றுவிட்டாள். திரும்பி, வழியனுப்ப வந்தவர்கள் நிற்கிற கண்ணாடியைப் பார்த்தாள். கிட்டப் போனாள். மறுபடியும் பார்த்தாள்.

"இங்கன இருந்து பாத்தா வெளிய நிக்கவங்க முகம் தெரியலியேலே. நம்ம முகந்தான் தெரியுது."

"உள்ள லைட்டு எரியுது, வெளிய மேகம் மூடியிருக்குக்கா."

"அப்ப நான் கை காட்டினது அவருக்குத் தெரிஞ்சிருக்காதோ?"

"தெரிஞ்சிருக்கும். அவர் போனதெல்லாம் வேற நேரம்லா" என்றேன். வேறு நேரமா, இதே நேரமா – எனக்கு எப்படித் தெரியும்? அவள் நம்பினாளா என்பதும் தெரியாது. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நடந்தாள்.

ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்தேன். ஏர்ஹோஸ்டஸ் பெண் தட்டில் சாக்லேட்டும் பஞ்சும் கொண்டு வந்தாள். அக்கா ஒரு சாக்லேட் எடுத்தாள். பிரிக்காமல் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஓடுபாதையில் விமானம் வேகம் பிடித்தது. தடதடவென்று அதிர்ந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். சட்டென்று அதிர்வு நின்றது. கீழே தென்னந்தோப்பு. அப்புறம் கடல். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பி, மேகத்துக்குள் போனது. ஜன்னலில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"ஏலே... இப்ப ஏறுதா, இறங்குதா?"

எட்டிப் பார்த்தேன். வெள்ளை. எத்தனையோ தடவை விமானத்தில் போயிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை.

"ஏறுதுன்னு நினைக்கேன்."

"நிச்சயமாவா?"

"தெரியலக்கா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டிக்கொண்டு வந்தது தப்போ?

கண்ணைத் திறந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"உள்ள இருக்கவங்களுக்கே தெரியலியே. அப்ப அவருக்கும் தெரிஞ்சிருக்காது. சும்மா உக்காந்திருந்திருப்பாரு. அவ்வளவுதான்."

கைக்குள் இளகிப்போயிருந்த சாக்லேட்டைப் பைய பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. உள்ளே எல்லார் மேலும் வெயில் விழுந்தது. அக்கா நெற்றியைக் கண்ணாடியில் வைத்து வெளியே பார்த்தபடியே இருந்தாள். நான் பேச்சுக் கொடுக்கவில்லை. காலடியில் மலை மலையாய் மேகம்... அதற்குள் யாரையோ தேடுகிற மாதிரிதான் இருந்தது அவள் பார்வை.

சென்னை வரப்போகிறது, பெல்ட்டைப் போடுங்கள் என்று அறிவிப்பு வந்தது. அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு அவருக்குப் பக்கத்துல யாருலே இருந்திருப்பா?"

பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

"யாரா இருந்தாலும் அவரு பேச்சுக் கொடுக்காம இருக்க மாட்டாரு. பாஷை தெரியாட்டாலும் விட மாட்டாரு. எந்த ஊரு, எத்தனை புள்ளைங்கன்னு கேட்டிருப்பாரு. என்னைப் பத்தியும் சொல்லியிருப்பாரு, என்ன?"

"சொல்லியிருப்பாருக்கா."

அக்கா சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

இரண்டு நாடுகள், ஒரு கோர்ட், அத்தனை விசாரணைகள்... பக்கத்து சீட்டில் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.