கூடைப்பந்தும் சபைப் படமும்

கல்யாண வீடியோ எடுப்பவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: தாலி கட்டுவது படத்தில் விழாவிட்டால்கூட மன்னிப்பார்கள், வந்த சனம் விழாவிட்டால் மன்னிக்கவே மாட்டார்கள். பிரெஞ்சுத் தலைநகரில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் தெருவில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் பல வருடமாக இந்தத் தொழிலைச் செய்கிறேன். தோளில் கமராவைச் சுமந்து திரியும் சக பாவிகளே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஆனால் உங்களில் ஒருவருடைய படத்தையாவது அமெரிக்கக் கல்லூரியொன்று உட்கார்ந்து பார்த்திருக்குமா? என்னுடையதைப் பார்த்தது.

மூன்று நிமிடம்

சிவபாலன் அண்ணை எங்கள் தெருச் சாப்பாட்டுக் கடையில் சமையற்காரர். நகருக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில் வீடு. ஒருநாள் மகள் மதுராவோடு படியேறி வந்தார். மதுராவுக்குப் பதினெட்டு வயது, அப்பாவைவிட ஒரு சாண் உயரம். கார்ஜில் ஒரு கிளப்புக்குக் கூடைப்பந்து விளையாடுகிறாள். அமெரிக்காவின் பெரிய கல்லூரிகளுக்கெல்லாம் எழுதிப் பார்த்தாளாம், ஒருவரும் பதில் போடவில்லை. சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்னக் கல்லூரி மட்டும், விளையாடுவதை மூன்று நிமிடப் படமாக அனுப்பு, பிடித்திருந்தால் எங்கள் அணியில் எடுத்துப் படிக்கவும் வைக்கிறோம் என்று எழுதியிருந்தது. அந்த ஒரு கடிதத்தை அச்செடுத்து, கசங்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தாள்.

மூன்று மணித்தியாலத்துக்குக் குறைவாக நான் படமே செய்ததில்லை. அண்ணைக்கும் அதே கவலைதான். "மூண்டு நிமிசத்தில என்னத்தைக் காட்டுறது? எங்கடை வீடுகளிலை தேங்காய் உடைக்கவே அவ்வளவு நேரம் போகுமே" என்றார்.

பெரியம்மாவின் பக்கம்

ஆட்டத்தன்று கமரா, விளக்கு, முக்காலி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கார் து நோர் நிலையத்தில் ரயிலேறிப் போனேன். மண்டபத்தில் மதுராவின் சொந்தக்காரர் இருபத்தைந்து பேர், பட்டும் நகையுமாக. வீடியோ எடுக்கிறார்கள் என்று அண்ணை சொல்லிவிட்டாராம். நான் வழக்கம்போல விளக்கைப் போட்டேன். நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து, அணைக்கும்வரை அசையாமல் நின்றார்.

விளக்குத்தான் அணைந்தது, பழக்கம் அணையவில்லை. மதுராவின் முகத்தைக் கிட்டத்தில் எடுப்பேன், பிறகு சபைப் பக்கம் திரும்பி ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போவேன். கமரா வரும்போது தலையைத் தடவிச் சரிசெய்து சிரித்தார்கள். மண்டபமே எழுந்து கத்தியபோது நான் மதுராவின் பெரியம்மாவை எடுத்துக்கொண்டிருந்தேன். ஊதாச் சேலை. அவருக்கு அதுவும் போதவில்லை. "நான் ரெண்டு தரம்தான் படத்திலை விழுந்திருப்பன் தம்பி, இன்னொருக்கா இந்தப் பக்கம் வாரும்."

முதல் பிரதி

உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். தொடக்கத்தில் பிள்ளையார், அடுத்து ரோசாப்பூச் சட்டத்துக்குள் மதுராவின் முகம். அவள் துள்ளும்போதெல்லாம் மெதுவான ஓட்டம், பின்னால் நாதஸ்வரம். பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குச் செய்தால் தாய்மார் கண்ணீர் விடுவார்கள்.

மதுரா என் கடையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. வீட்டில் தாய் தகப்பனுக்கே பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை, என் மனம் நோகக்கூடாதென்று தமிழில் கேட்டாள். "வடிவாயிருக்கு மாமா. ஆனால் பந்து எங்கை?"

கத்தரி

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் கல்லூரியிடம் ஒரு கிழமை தவணை கேட்டாள். அங்கே அணிக்குப் பயிற்சியாளராக இருந்த பெண்மணி தவணை தந்தார். கூடவே, மூன்று நிமிடம் வேண்டாம், அடுத்த ஆட்டத்தை முழுதாக, வெட்டாமல் அனுப்பு என்றும் எழுதினார். இந்தமுறை மதுரா சொன்னபடி கமராவைப் பார்வையாளர் படிக்கட்டின் உச்சியில் நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பந்து படத்தில் நன்றாக விழுந்தது. ஆனால் அன்று பார்த்து அவள் எறிந்த முதல் ஐந்தும் வளையத்துக்குள் போகவில்லை.

தொழிலில் நான் மாமன்மார் சண்டையை வெட்டியிருக்கிறேன், தூங்கி விழுந்த மாப்பிள்ளையை வெட்டியிருக்கிறேன். இந்த ஐந்தையும் வெட்ட ஐந்து நிமிடம் போதாதா? அண்ணையும் கெஞ்சினார். என் கை கணினிச் சுட்டியில் இருந்தது. மதுராவின் முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் ஆசை இல்லாமலில்லை. ஆனாலும் என் கையை எடுத்து அப்பால் வைத்தாள். "வேண்டாம் மாமா. அங்கை போனால் நான்தானே விளையாடோணும்."

சோளக்காட்டிலிருந்து

அனுப்பிவிட்டோம். அதன் பிறகுதான் என் தவறைக் கண்டேன். எந்தப் படத்தின் முடிவிலும் சபையை ஒட்டிவிடுவது என் பழக்கம். பெரியம்மாவின் முறைப்பாட்டுக்குப் பயந்து இதிலும், முதல் ஆட்டத்தில் எடுத்த இருபத்தைந்து பேரையும் ஒட்டிவிட்டிருந்தேன். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுத்துவிட்டேனே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பயிற்சியாளர் கதைக்க விரும்புவதாகச் செய்தி. மதுரா என் கடைக் கணினிக்கு முன்னால் உட்கார, அண்ணையும் நானும் பின்னால் நின்றோம். திரையில் பயிற்சியாளர் பேசினார். ஐந்து எறிதலும் தவறியதைப் பார்த்தாராம். ஐந்து முறையும் தலையைத் தொங்கப் போடாமல் முதல் ஆளாகத் திரும்பி ஓடி எதிரணியை மறித்தவளும் இவள்தானாம், அதனால்தான் இவள் வேண்டுமாம். மதுரா திரும்பி, "எடுத்திட்டினம் அப்பா" என்றாள். அண்ணை கதிரையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். நானும்தான், மறைப்பானேன்.

நான் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். சபைப் பகுதிக்காக. பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார், மதுரா தமிழில் சொன்னாள். "அவையின்ரை கல்லூரி சின்னனாம், ஆட்டம் பாக்க இவ்வளவு சனம் வாறதில்லையாம். அந்த ஊதாச் சேலைக்காரியும் வருவாவோ எண்டு கேக்கிறா."

இப்போதெல்லாம் கல்யாண வீட்டிலும் கமராவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் பார்க்கிறேன், பெரியம்மாமார் விட்டால்தானே.