எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கறந்த பால்

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நகராட்சி உறுப்பினருக்கு எத்தனை பக்கம் என்று யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் நான் கிழக்குத் தாம்பரத்தில் கடைசி வார்டின் உறுப்பினர். தொழில் தையல். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மீதியைக் கடைக்கு வந்தவர்கள் பேசிப் பேசியே கற்றுக்கொடுத்தார்கள். வார்டில் பாதிப் பேருடைய சட்டை அளவு எனக்குத் தெரியும் என்பதால் ஓட்டுப் போட்டார்கள் போலிருக்கிறது. ஜெயித்த பிறகு அளவு கொடுக்க வந்தவர்கள் குறைந்து, குறை சொல்ல வந்தவர்கள் கூடினார்கள். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் காற்றுதான் வருகிறது, சாக்கடை வந்த வழியே திரும்புகிறது. நானும் மன்றத்தில் கேட்டு, 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலை வாங்கிவந்து சொல்வேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்தே என் முதுகு வளைந்தது என்று என் மனைவி சொல்லுவாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

அப்படி இருக்கும்போதுதான் எருமை விஷயம் வந்தது.

எங்கள் பக்கத்தில் அப்போது பாலைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்குவார்கள். பால்காரி எருமையை வாசலுக்கு ஓட்டிவர வேண்டும். செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். வீட்டுக்காரம்மா பக்கத்தில் நிற்க, கண்ணெதிரே கறக்க வேண்டும். ஸ்டேஷன் பக்கம் டிப்போவில் பாட்டில் பால் கிடைத்தது. ஆனால் மூடி போட்டு வருகிற எதையும் எங்கள் தெரு நம்பவில்லை.

என் வார்டின் கோடியில், செம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து வந்து குடிசை போட்டிருந்த ஒரு பெண்ணிடம் மூன்று எருமைகள் இருந்தன. புருஷன் செத்துப்போய் இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தாள். தெருவில் முக்கால்வாசி வீடுகளுக்கு அவள்தான் பால்.

ஒரு கூட்டத்தில் புதிய துணைவிதியின் வரைவை வாசித்தார்கள். நகராட்சி எல்லைக்குள் தெருவில் கறவை மாடுகளை ஓட்டக்கூடாது, வாசலில் கறக்கக்கூடாது, வீடுகளுக்கு நடுவே கொட்டகை கூடாது. ஆட்சேபணை உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுதித் தரலாம். இப்படி ஒரு விதி வேண்டும் என்று மனு கொடுத்தது யார் என்று பார்த்தால், என் வார்டேதான். முதல் கையெழுத்து, எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவையோடு சர்ச்சுக்குப் போனவர் சாணியில் வழுக்கி விழுந்திருக்கிறார்.

தண்டோரா போட்டு முடிந்த கையோடு பால்காரி கடைக்கு வந்தாள்.

"இன்னாண்ணா, என் எருமைங்களுக்குச் சட்டம் போட்டுகினு கீறீங்களாமே. அதுங்களுக்குப் படிக்கத் தெரியாதே."

"நான் போடலம்மா. மன்றத்துக்கு வந்திருக்கு."

"வந்தா திருப்பி அனுப்சுடு. உன்னாண்டதானே கை கீது."

"அத்தனை கையில என் கை ஒண்ணு."

"அந்த ஒண்ணைத் தூக்கு. கேன்ல ஊத்தி எடுத்தாந்தா எவன் வாங்குவான்? பெத்த ஆத்தா ஊத்துனாலும் தண்ணி கலந்தியான்னு கேக்கற தெருண்ணா இது. வாசல்ல கறக்காட்டி, என் பொண்ணுங்களுக்குக் கஞ்சி இல்ல."

அவளுக்காக நானே ஒரு ஆட்சேபணை எழுதி, கைநாட்டு வாங்கி வைத்தேன். ஒன்று போதாதே. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களிடமே போய்க் கேட்பது என்று கிளம்பினேன்.

"அந்த மாடுங்க ஒரே நியூசென்ஸ் தம்பி. ஸ்கூல் பிள்ளைங்க நடக்கிற ரோடு" என்றார் டீச்சரம்மா.

"அப்ப பாலுக்கு?"

"பாலுக்கென்ன? நம்ம வீட்டுக்கு வர்ற மாடு காலைல வருது, கறக்குது, போயிடுது. அதையா சொன்னேன்?"

"சட்டத்துல உங்க மாடுன்னு தனியா எழுத முடியாதே டீச்சரம்மா."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "நீங்க கவுன்சிலர்தானே. பேசி ஒரு எக்ஸெப்ஷன் வாங்கிடுங்க."

பக்கத்து வீட்டில் ஏஜி ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். எதிர்வீட்டு வாசலில் வந்து நிற்கிற எருமைதான் தொந்தரவு என்றார். எதிர்வீட்டுக்காரர் இவர் வாசலைக் காட்டினார். இரண்டும் ஒரே எருமை. இங்கே கறந்துவிட்டு அங்கே போகும். தெரு முழுக்க இதே கதைதான். தன் வாசலில் நிற்பது பால் தரும் பசு மாதிரி, அடுத்த வாசலில் நின்றால் அது எருமை. சரி, அதையாவது ஆட்சேபணையாக எழுதிக் கொடுங்கள் என்றால், "கையெழுத்தும் போட்டுட்டு ஆட்சேபணையும் குடுத்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றார்கள்.

கூட்டத்தன்று கமிஷனர் எழுந்து, வந்த ஆட்சேபணை ஒன்றே ஒன்று, அதுவும் கைநாட்டு என்றார். நான் எழுந்து, காலை ஏழு மணி வரைக்குமாவது விதிவிலக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

சேர்மன் பழைய ஊர்க்குடும்பம். தாத்தா உழுத நிலத்தை அவர் மனை மனையாக விற்றுக்கொண்டிருந்தார். மனிதர் கெட்டவர் இல்லை, மனதில் இருப்பதை மறைக்கவும் மாட்டார். "ஏன்யா டெய்லர், எருமைக்கும் ஜாக்கெட் தைக்க ஆர்டர் வந்திருக்கா?" என்றார். மன்றமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். "பட்டணத்துலேர்ந்து மனை பாக்க வர்றவன் மொதல்ல பாக்கறது சாணியத்தான்யா. ஊர் வளர வேணாமா?"

கை தூக்கச் சொன்னார்கள். தீர்மானம் நிறைவேறியது. 'ஏகமனதாக' என்று எழுதப் போன எழுத்தரிடம், என் ஒரு கையைக் கழித்துவிட்டு எழுதுங்கள் என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு என்னால் முடிந்தது.

எங்கள் வார்டு முடிகிற இடத்தில், வேளச்சேரி சாலை ஓரமாக ஒரு எல்லைக்கல் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்து. நகராட்சி விதி அங்கே செல்லாது. பால்காரி குடிசையைப் பிரித்து, கல்லைத் தாண்டி ஒரு காலி இடத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுவாரம் விடியற்காலை பார்க்கிறேன், தெருவே செம்பும் கையுமாக நடக்கிறது. குமாஸ்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போகிறார். மூடி போட்ட பித்தளைத் தூக்கோடு டீச்சரம்மா பின்னால் வருகிறார். எல்லோரும் பஞ்சாயத்து எல்லைக்குள் போய், வரிசையில் நின்று, கறப்பதைக் கண்ணால் பார்த்து, வாங்கிக்கொண்டு நகராட்சிக்குத் திரும்பினார்கள்.

"கவர்மெண்ட்டை மாத்தத் தெரியாட்டியும் கல்லைத் தாண்டத் தெரியுதுண்ணா நம்ம ஜனங்களுக்கு" என்றாள் பால்காரி, கறந்துகொண்டே.

ஆனால் தூரத்து வீடுகள் நின்றுபோயின. முட்டிவலிக்காரர்கள் முனகிக்கொண்டே பாட்டிலுக்கு மாறினார்கள். பாதி வாடிக்கைதான் மிஞ்சியது. அந்தப் பாதியில் மூன்று எருமையும் மூன்று வயிறும் காலம் தள்ளின.

எழுபதுகள் பிறந்தபின் அடுத்த தீர்மான வரைவு வந்தது. நகராட்சி எல்லையை விரிவாக்கி, கல்லுக்கு அந்தப் பக்கத்துப் பகுதியையும் சேர்ப்பது. சேர்மன் ராஜகீழ்ப்பாக்கம் திசையைக் கைகாட்டி, ரோடு வரும், விளக்கு வரும் என்றார். வரும்தான். கூடவே எருமை விதியும் கல்லைத் தாண்டிப் போகும். எத்தனை கூட்டத்துக்குத்தான் ஒரே கையைத் தூக்குவது.

இந்த முறை ஆட்சேபணைகள் வந்து குவிந்தன. கமிஷனர் கட்டைப் பிரித்தால், முதல் கையெழுத்து டீச்சரம்மா. அழகான எழுத்தில், கிராமப் பஞ்சாயத்துகளின் சுயாட்சியைக் காப்பது ஜனநாயகக் கடமை என்று எழுதியிருந்தார். கீழே தெருவே கையெழுத்துப் போட்டிருந்தது. பால் என்ற வார்த்தை எங்கும் இல்லை.

"உன் வார்டுக்கு எப்பய்யா இவ்ளோ ஜனநாயகம் வந்துச்சு?" என்று சேர்மன் கேட்டார்.

"காலைல, காபி நேரத்துக்கு" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். இத்தனை ஆட்சேபணையை வைத்துக்கொண்டு உடனே முடிவெடுக்க முடியாது என்று விஷயத்தை ஒத்திவைத்தார்கள்.

ஜெயித்தோம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். பால்காரி எருமைகளுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒத்திவெச்சிட்டாங்கம்மா. தெருவே உனக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கு."

"எனக்கா போட்டாங்க? அவுங்க காபிக்குப் போட்டாங்க. அத்த வுடு. ஒத்திவெச்சதுன்னா இன்னா?"

"இப்போதைக்கு இல்ல."

"எப்போதைக்கு?"

"தெரியாதும்மா. அடுத்த கூட்டமும் இருக்கலாம், அஞ்சு வருஷமும் ஆகலாம்."

அவள் கையை உதறிவிட்டுக் கொட்டகையை அண்ணாந்து பார்த்தாள். கீற்று கறுத்து, அங்கங்கே வானம் தெரிந்தது. "மழை வர்றதுக்குள்ள இத்த மாத்தணும். கீத்துக்காரன் நாளைக்கு வரேன்னிருக்கான். போடவா, வேணாவா? அத்த மட்டும் சொல்லுண்ணா."

மன்றத்தில் யாரும் என்னை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. போடு என்று சொன்னால், அடுத்த மாதமே பிரிக்கச் சொல்லி ஆள் வரலாம். வேண்டாம் என்றால் அவளும் பெண்களும் எருமைகளும் மழையில் நனைய வேண்டும். உள்ளே நின்ற எருமை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, பேஜாராப் போச்சு" என்றாள். கோபம் எதுவும் இல்லை. "பாதிக்குப் போடறேன். எங்களுக்கும் ரெண்டு எருமைக்கும் ஆவும். மூணாவது கெழம். அது மேல மழை பேஞ்சா அதுக்குத் தெரியவா போவுது."

சொன்னபடியே பாதிக் கூரைதான் போட்டாள். சுற்றிலும் வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். சிமெண்டுச் சாக்கு கேட்டால் கொடுத்தார்கள். நான் அவற்றை வாங்கி, உதறி, கோணி ஊசியால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, மீதிப் பாதிக்கு இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். தைத்து முடிப்பதற்குள் ஊசி முறிந்து வேறு ஊசி வாங்க வேண்டியிருந்தது. ஐப்பசி மழையில் சாக்கு ஒரு மூலையில் ஒழுகத்தான் செய்தது. கிழ எருமை அந்த மூலையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டது.