சமையலறை வாசலில் அரை இஞ்ச்

போன சனிக்கிழமை, மகள் கையில் கொதிநீர்க் கேத்தலோடு விழுந்தாள்.

உக்குவளையில் எங்கள் வீடு பழையது. ஹோலுக்குப் பலகைத் தரை, சமையலறைக்குச் சீமெந்துத் தரை. அந்தச் சீமெந்துக்கு மேல்தான் புதிதாக டைல்ஸ் பதித்திருந்தோம். வேலை நடந்தபோது ஹோல் மேசைக்குப் போன கேத்தல் இன்னும் அங்கேயே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தவளின் கால் விரல் டைல்ஸ் விளிம்பில் இடித்தது. அவள் ஒரு பக்கம், கேத்தல் மறு பக்கம். நகம் மட்டும் பெயர்ந்தது. சுடுநீர் படவில்லை.

படவில்லை என்று இப்போது எழுதிவிட்டேன். அன்று அதை நம்ப எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா?

அந்த விளிம்பு யார் வேலை? டைல்ஸ் பதித்த மேசன் பாஸின் வேலை என்றுதான் நினைப்பீர்கள். இல்லை... என் வேலை.

எங்கள் பாஸ், நஸார் நானா, முதல் நாளே ஒரு ஜக் தண்ணீரை வாசலில் ஊற்றிக் காட்டினார். அது நேரே அடுப்படிக்கு ஓடியது.

"பாத்தீங்களா சேர்? அடுப்புப் பக்கம் பள்ளம், வாசப் பக்கம் மேடு. பள்ளத்த நான் நிரப்பிருவேன். மேட்டக் கொத்தி எடுக்கணும். இல்லாட்டி டைல்ஸ் பலகைய விட அரை இஞ்ச் ஒசந்து நிக்கும்."

"கொத்தினா தூசி வருமே நானா?"

"தூசி வராம பூவா வரும்?"

மகளுக்கு வீசிங். சாதாரணதரப் பரீட்சைக்கு இரண்டே மாதம். சீமெந்துத் தூசியில் அவள் மூச்சுத் திணறுவதை அந்த இடத்திலேயே பார்த்துவிட்டேன் – மனதுக்குள். கொத்தவே கூடாது என்றேன்.

"ஒங்க வீடு. ஆனா கால் தட்டும் சேர்."

தட்டியது. ஒரு பயத்தைத் தவிர்க்கப் போய் இன்னொன்றைச் சீமெந்து வைத்துக் கட்டுகிறோம். பிள்ளை பெற்றவர்கள் பலரும் இப்படித்தான், இல்லையா?

திங்கட்கிழமை நானாவுக்கு ஃபோன் எடுத்தேன். 'நான் சொன்னேன்தானே' என்பார் என்று காத்திருந்தேன். "புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

மகளை இரண்டு நாள் பலாபத்வலையில் அவள் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். அவ்வளவுதான் தீர்வு! முதலிலேயே ஏன் தோன்றவில்லை? நானா வாசல் பக்கம் மூன்று வரிசையைப் பெயர்த்து, மேட்டைக் கொத்தி, பலகை மட்டத்துக்கு மெல்லச் சரித்துப் பதித்தார். மழைக்குப் பலகை ஊதும் என்று டைல்ஸுக்கும் பலகைக்கும் நடுவில் சிறு இடைவெளியும் விட்டார்.

மகள் வந்து வெறுங்காலால் தடவிப் பார்த்தாள். கேத்தல் அடுப்படிக்கே திரும்பிவிட்டது. அவள் தேநீர் ஊற்ற, வாங்கிக்கொண்டு ஹோலுக்கு நடந்தேன்.

"அப்பா, அங்கதான் ஒண்ணும் இல்லையே. எதுக்குக் காலத் தூக்கி வைக்கிறீங்க?"

இன்னும் தூக்கித்தான் வைக்கிறேன்.