வாசலை மறித்து விரித்த பாய்

கண்ணை மூடச் சொன்னால் ஓடிவிடுவார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். குடியிலிருந்து மீண்டு வரும் பெண்களுக்கு யோகா சொல்லித்தரப் போகிறவனுக்கு இருக்க வேண்டிய நம்பிக்கையா இது? இருந்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அந்த இல்லம். முதல் நாளே என் பாயை வாசலை மறித்து விரித்தேன். எல்லோரையும் சவாசனத்தில் படுக்கவைத்து, "உடம்பத் தளர விடுங்க, மனச லேசா விடுங்க" என்று குரலில் தேன் தடவிக்கொண்டே அரைக்கண்ணால் தலைகளை எண்ணினேன். அந்த அறையில் மனசு படபடத்துக் கிடந்தவன் நான் ஒருவன்தான். யாரும் ஓடவில்லை. ஒன்றிரண்டு பேர் குறட்டை விட்டார்கள்.

அந்தப் பெண்களில் ஒருவர் மம்சாபுரத்துக்காரர். நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தவர். கால்வலிக்கென்று தொடங்கியது, வலி இல்லாத நாளிலும் தேவைப்பட்டதாம். அவருடைய சின்ன மகள் அண்ணன் வீட்டில் வளர்கிறாள். பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. ஒரு பகல் போய்வர வார்டன் அனுமதி கொடுத்தார். அண்ணன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "குடிக்காம வரட்டும், குடிக்காம திரும்பட்டும். பொறவு நானே பிள்ளைய அங்க கூட்டிட்டு வாரேன்." திரும்பி வந்ததும் இல்லத்து வாசலில் ஒரு கருவியில் ஊதிக்காட்ட வேண்டும். அதில் என்ன வந்தது என்று வார்டன் அண்ணனுக்குச் சொல்லிவிடுவார்.

காவலுக்கு நான். "ஒரு கண்ணு வச்சுக்கோங்க மாஸ்டர்" என்றார் வார்டன். இரண்டையும் வைத்தேன். அவர் பஸ்ஸில் போனார். நான் ஸ்கூட்டரில் பஸ்ஸின் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். "அண்ணே, பஸ்ஸ வாங்கப் போறீகளா?" என்று கண்டக்டர் கேட்டுவிட்டார்.

தாய்மாமன் மடியில் மொட்டைத்தலையோடு உட்கார்ந்து பிள்ளை வீறிட்டதும், பிறகு பந்தியும் ஒழுங்காகத்தான் நடந்தன. பாயசத்தை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். எதிர் வரிசையில் அவரைக் காணவில்லை.

கையைக்கூடக் கழுவாமல் பந்தலுக்குப் பின்னால் ஓடினேன். எல்லா விசேஷத்திலும் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கார் நிற்குமே, அது நின்றது. சுற்றிலும் உறவுக்கார ஆண்கள். கொஞ்சம் தள்ளி, தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் அவர். கையில் எவர்சில்வர் டம்ளர்.

என்னவென்று கேட்டிருக்கலாம். மோந்து பார்த்திருக்கலாம். வாங்கிக் கீழே கொட்டியிருக்கலாம். பதறும்போது மூச்சைக் கவனியுங்கள் என்று வாரா வாரம் சொல்பவன் நான். பிடுங்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டேன்.

பிராந்தி. என் ஆயுளில் முதல் தடவை. தொண்டையிலிருந்து தொப்புள் வரைக்கும் எரிந்தது.

"என்ன மாஸ்டர், நீங்க குடிச்சிட்டீக?"

"உங்களக் காப்பாத்தத்தான்..." மீதியை இருமல் எடுத்துக்கொண்டது.

காரடியில் நின்ற பெரியவர் ஒருவர் சொன்னார்: "தண்ணியே கலக்கலையேய்யா. கேட்டிருந்தா தனியா ஊத்தித் தந்திருப்போம்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மம்சாபுரத்துக்காரர் சிரிக்கவில்லை.

"மேலுவலிக்குக் கொஞ்சோண்டு குடின்னு எங்க மாமா குடுத்தாவ. வாங்கிட்டேன். வாங்கிட்டு அப்படியே நின்னேன்."

"நான் வரலைன்னா?"

"தெரியலை மாஸ்டர்" என்றார். காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, டிரம்மின் மேல் கவிழ்த்து வைத்தார். "சாவியக் குடுங்க. நீங்க வண்டி ஓட்டப்படாது."

சாவி அண்ணனிடம் போனது. நானும் அவரும் பஸ்ஸில் திரும்பினோம். அவர் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார், நான் பின்னால். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவர் திரும்பி, நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டார். எனக்கோ வேறு பயம். நான் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு வாய் உள்ளே போயிருந்தால்? கேட்க வாய் வரவில்லை. மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாமென்றால் என் மூக்குக்கு என் வாசத்தைத் தாண்டி எதுவும் எட்டவில்லை.

இல்லத்து வாசலில் வார்டன் கருவியோடு நின்றார். மம்சாபுரத்துக்காரர் ஊதினார். அது முடிவைச் சொல்வதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. எதுவும் காட்டவில்லை. வார்டன் சிரித்தபடி போனை எடுத்தவர், மூக்கைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்களும் ஒரு ஊது ஊதுங்க."

கருவி அலறியது.

அடுத்த வகுப்புக்குப் போனபோது என் பாய் சுவரோரம் கிடந்தது. வாசலை மறித்து மம்சாபுரத்துக்காரரின் பாய்.

"அங்கனயே படுங்க மாஸ்டர்," என்றார். "கண்ண மூடுனா நீங்க ஓடிருவீகன்னு எல்லாரும் பயப்படுதாவ."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் என் ஸ்கூட்டரில் இல்லத்துக்கு வந்தார். முன்னால், ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, காதில் புதுத்தோட்டோடு பிள்ளை நின்றுகொண்டிருந்தாள்.