மார்கழியில் மூன்று ஃப்ரிட்ஜ்

ஏழ்மை ஏன் ஒழியவில்லை என்பதற்குச் சமூகவியல் பாடப் புத்தகத்தில் மூன்று காரணங்கள் போட்டிருக்கிறார்கள். நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. படிக்கிறேன். செங்கம் சாலையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை. சாவி கேட்டு யாரும் வராத நேரத்தில் புத்தகத்தைப் பிரிப்பேன். முதல் காரணம், ஏழைகளின் பழக்கவழக்கம். சோம்பலையும் அலட்சியத்தையும் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப் போகிறார்களாம். என் அம்மா விடிவதற்குள் லாட்ஜ் பெருக்கப் போகிறவள். அவள் சோம்பல் எனக்கு வந்திருந்தால் இந்நேரம் நான் கலெக்டர். இரண்டாவது, நிலம், சாதி, படிப்பு, வேலை எல்லாம் முன்பே பங்கு போட்டாகிவிட்டது, பிந்தி வந்தவனுக்குப் பந்தியில் இலை இல்லை என்பது. மூன்றாவது, ஏழைகள் இருப்பது மற்றவர்களுக்கு உபயோகமாக இருக்கிறது, அதனால் இருக்கிறார்கள் என்பது. இதை எழுதியவர்கள் எங்கள் தெருவுக்கு எப்போது வந்து போனார்கள் என்று யோசித்தேன்.

எங்கள் தெருவில் மூன்று வீட்டுப் பிள்ளைகளை ஒரு வெள்ளைக்காரம்மா படிக்க வைத்தார். கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்து, மார்கழி பிறந்ததும் ஊருக்கு வருவார். வந்த சில நாளில், தெரிந்த ஆட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் பார்க்க வருவார். தங்கமான மனுஷி. ஏழைகள் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். என்ன, ஏழை ஏழை மாதிரி இருக்க வேண்டும். முன்பு நாலாவதாகவும் ஒரு வீடு இருந்தது. ஒரு வருஷம் அங்கே வாஷிங் மெஷினைப் பார்த்துவிட்டு, "நீங்க நல்லா வந்துட்டீங்க" என்று ஆட்டோக்காரர் மூலம் மனசாரப் பாராட்டினார். அடுத்த வருஷம் அந்தப் பையனுக்குப் பணம் வரவில்லை. தெரு பாடம் படித்துக்கொண்டது.

அதிலிருந்து மார்கழி பிறந்தால் அந்த மூன்று வீட்டு ஃப்ரிட்ஜும், வாஷிங் மெஷினும், டிவிகளும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். நாங்கள் அந்தத் தெருவுக்குப் பிந்தி வந்தவர்கள். அப்பா இல்லை. என்னைப் படிக்க வைக்க யாரும் இல்லாததால் யாரும் பார்க்கவும் வரமாட்டார்கள். தெருக்கோடியில் புறம்போக்கில் இருக்கும் வீடு. பட்டா இல்லை, அதனால் சரியான கரண்டு இல்லை, குடிசைக்குக் கொடுக்கும் ஒரே ஒரு பல்பு. ஃப்ரிட்ஜை மாட்டினால் பியூஸ் போய்விடும். அவர் எல்லா வீட்டையும் பார்த்து முடிக்கும் அந்த ஒரு வாரம் நானும் அம்மாவும் ஃப்ரிட்ஜ்களுக்கு நடுவில் காலை மடக்கிக்கொண்டு தூங்குவோம்.

நான் பிளஸ் டூ படித்த வருஷம். நர்சிங் படிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது. அந்த மூன்று வீட்டில் எதிர்வீடும் ஒன்று. அம்மா கூச்சத்தை விட்டு எதிர்வீட்டு அத்தையிடம் போய், எனக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள். அவர் மகளும் என் வகுப்புதான், அவளுக்கும் நர்சிங்தான்.

"சாமான்லாம் எங்க வூட்டுக்குத் திரும்பி வந்துடட்டும் அண்ணி. அடுத்த வாரம் நானே அந்தம்மாவ உங்க வூட்டுக்கு இட்டுனு வரேன்" என்றார் அத்தை.

அடுத்த வாரம் வரைக்கும் தெய்வம் காத்திருக்கவில்லை. அன்று அந்தம்மா எதிர்வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நான் பள்ளிக்கூட யூனிஃபார்மில் குழாயடியில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்து, "உன் வீடு எங்கே?" என்றார், தெரிந்த நாலு வார்த்தைத் தமிழில். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த சந்தோஷத்தில் குடத்தைப் போட்டுவிட்டு நானே முன்னால் நடந்தேன். வருஷா வருஷம் பார்த்துப் பழகியதில், வீட்டில் மூன்று ஃப்ரிட்ஜ் நிற்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. ஆட்டோக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார்.

அந்தம்மா வாசலில் நின்று உள்ளே பார்த்தார். அம்மா ஒரு ஃப்ரிட்ஜுக்கும் இன்னொரு ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோக்காரர் குனிந்து, "இன்னாக்கா பண்றது? உள்ளத சொல்லிடட்டா?" என்றார்.

அம்மா வெளியே பார்த்தாள். எதிர்வீட்டு அத்தை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் வெளியே வந்திருந்தார்கள்.

"எங்களுதுதான்னு சொல்லிடு தம்பி" என்றாள் அம்மா.

அந்தம்மாவுக்கு நிஜமாகவே சந்தோஷம். என் கன்னத்தைத் தட்டி, அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. "உனக்கு இன்னா பைத்தியமா?" என்று கத்தினேன்.

"அவங்க மூணு பேரு, நீ ஒருத்தி. பிளஸ் டூ படிக்கிற, கணக்கு தெரியாதா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஒரு நாளாவது ஜில்லுனு தண்ணி குடிச்சிருப்பமா இதுல? ஃப்ரிட்ஜ்காரின்ற பேரு மட்டும் வந்துச்சி" என்று அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பொங்கல் வரைக்கும் அவளோடு பேசவும் இல்லை.

எதிர்வீட்டுப் பெண் நர்ஸ் ஆனாள். நான் கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை ஜாஸ்தியாகி இப்போது தினமும் இன்சுலின் போட வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுப் பெண்தான் டியூட்டிக்குப் போகும் முன் வந்து ஊசி போடுகிறாள். காசு வாங்குவதில்லை. கை அவ்வளவு மெத்து, வலியே தெரியவில்லை என்று அம்மா மெச்சிக்கொள்வாள். அப்போது நான் ஏதாவது வேலை இருப்பதுபோல் வெளியே போய்விடுவேன்.

மருந்து இருப்பது எதிர்வீட்டு ஃப்ரிட்ஜில். எங்கள் வீட்டில் இன்னும் அதே ஒரு பல்புதான், பட்டா இன்னும் வரவில்லை. அந்தம்மா இன்னும் வருகிறார், இப்போது எதிர்வீட்டுக் கடைசிப் பையனையும் மற்ற இரண்டு வீட்டு இளையவர்களையும் படிக்க வைக்கிறார். மார்கழி பிறந்தால் மூன்று ஃப்ரிட்ஜும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. அந்த வாரம் முழுக்க அம்மாவின் இன்சுலினை மண்பானைத் தண்ணீரில் போட்டு வைக்கிறோம்.