தாக்கோவின் கறுப்பு ஈறு

கவுலக் நகரப் பேருந்து நிலையத்துக்கு எதிரே மீன்சோறு விற்கும் தாக்கோ பால்டேவைச் சிரிக்க வைக்க யாரும் மெனக்கெட வேண்டாம். "சோத்துல மீனைக் காணோமே?" என்று ஓட்டுநர் எவனாவது கேட்டால் போதும். "நீ வர்றது தெரிஞ்சு நீந்திப் போயிருச்சுடா!" என்று சொல்லிவிட்டு, வாய் கொள்ளாமல் சிரிப்பாள். அப்போது மேல் ஈறு முழுக்கத் தெரியும், கன்னங்கரேலென்று. பதினேழு வயதில் ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று கைதட்டிப் பாட, ஊசிக்கட்டால் குத்திக் குத்திக் கரி ஏற்றிய ஈறு. பல்லை வெள்ளையாக எடுத்துக் காட்டுவது அந்தக் கறுப்புதான். குத்தும்போது முனகக்கூடாது, கையைத் தட்டிவிடக்கூடாது. முனகியவளுக்கு ஆயுசுக்கும் கேலிதான். ஏழு சுற்றுக்கும் தாக்கோ அசையவில்லை என்பது அவள் பிறந்த ஊரில் இன்னமும் பேச்சு.

நான் பக்கத்துப் பல் மருத்துவமனையில் நர்ஸ். மதியச் சாப்பாடு அவளிடம்தான். மகளின் கல்யாணம் நெருங்கிய சமயம், ஒருநாள் தட்டை வைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஈறு வளந்து பல்லையே மூடிருச்சுடி சோக்னா. அரிசி நுனி மாதிரி தெரியுது பாரு. கல்யாணப் போட்டோவுல என்னைப் பொக்கை வாய்ன்னு நெனைப்பாங்க."

"இதுக்கா கவலைப்படுற? எங்க டாக்டர் ஒரு மணி நேரத்துல வெட்டிச் சரி பண்ணிருவார்க்கா."

அழைத்துப் போனது நான்தான்.

டாக்டர் பிரான்சிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நல்ல மனுஷன், அதுவே வினையாகிப் போனது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறின் ஓரத்தை நறுக்கிப் பற்களை வெளியே கொண்டு வந்தார். கச்சிதமான வேலை. பிறகு என்னிடம் பிரெஞ்சில், "இந்தக் கறையையும் லேசரால் எடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்றால் கையைத் தூக்கச் சொல்" என்றார். நான் தலைநகர் தாகரில் வளர்ந்தவள், ஈறு குத்திக்கொள்ளாதவள். கறை போனால் யாருக்குக் கசக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, "ஏதாச்சும் பண்ணுச்சுன்னா கையைத் தூக்குக்கா" என்று மட்டும் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கை எழவே இல்லை. அறை முழுக்கக் கருகிய வாடை. அவள் கண்ணோரம் நீர் வழிந்தது. மரத்த வாயில் என்ன வலி என்று ஒரு கணம் தோன்றியது. துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தோம். உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். தோலுரித்த கோழி நிறத்தில் இருந்தது ஈறு. டாக்டர் பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்தபடி நின்றார்.

"இது யாரோட வாய்டி?" மரத்த உதட்டால் குழறிக் கேட்டாள். "மேல தொங்குன விளக்குக் கண்ணாடில எனக்குத் தெரிஞ்சுது. என் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமா போறதைப் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன்."

"பாத்தியா? அப்ப ஏன்க்கா கையைத் தூக்கல?"

"ஈறுல வேலை நடக்குறப்போ கையைத் தூக்குறதா? தாக்கோ பயந்துட்டான்னு நாளைக்கு ஊரே சிரிக்காதா?"

அதை டாக்டருக்கு பிரெஞ்சில் சொன்னேன். நான் அவளிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். மனுஷன் வெளிறிப்போய் உட்கார்ந்துவிட்டார். காயம் ஆறாமல் மறுபடி குத்தக்கூடாது, மூன்று மாதமாவது போகட்டும் என்றார். கல்யாணமோ அடுத்த வாரம்.

கல்யாணத்தில் தாக்கோ முக்காட்டு நுனியை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. "சம்பந்தியம்மாவுக்கு எங்க மேல என்ன கோபம்?" என்று மாப்பிள்ளை வீட்டார் கிசுகிசுத்தார்கள். ஒரு போட்டோவிலும் அவள் சிரிக்கவில்லை.

நான்காம் மாதம், ஈறு குத்தும் பென்டாவை வீட்டுக்கு வரவழைத்தாள். என்னையும் கூப்பிட்டிருந்தாள். பெண்கள் வழக்கம்போல் கைதட்டிப் பாடினார்கள். ஊசிக்கட்டு முதல் தரம் இறங்கியதும், "ஐயோ!" என்று தாக்கோ போட்ட கூச்சலில் பாட்டு நின்றது. பென்டாவின் கை அந்தரத்தில் உறைந்தது.

"என்ன தாக்கோ இது? பதினேழு வயசுல மூச்சு விடாதவ, இப்ப மானத்தை வாங்குறியே!"

தாக்கோ ரத்தத்தைத் துப்பினாள்.

"அந்த நாற்காலியில வாயை மூடிக்கிட்டுக் கெடந்துதான் என் சிரிப்பைத் தொலைச்சேன். இனிமே வலிச்சா கத்துவேன். நீ குத்து."

ஏழு சுற்றும் தெருவே கேட்கும்படி கத்தினாள். கைதட்ட வந்தவர்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.