பூட்டிய வீட்டுப் புகை

குன்னூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பட்டா, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று இந்த மலையில் ஒரு மனிதன் கையில் வைத்திருக்கக்கூடிய எல்லாத் தாளும் ஒரு முறையாவது என் மெஷின் கண்ணாடி மேல் குப்புறப் படுத்திருக்கும். பசுந்தேயிலை விலை விழுந்து எழுந்திருக்காமல் கிடந்த ஆண்டுகளில் என் கடையில் மட்டும் கூட்டம் குறையவில்லை. ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு நகல்கள் நிறைய வேண்டும்.

அப்படிப் போகிறவர்கள் தாள்களோடு சில சமயம் பழைய போட்டோக்களையும் கொண்டுவந்தார்கள். ஸ்கேன் செய்து போனில் ஏற்றித் தரச் சொல்வார்கள். எமரால்டு அணைக்கரையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு குடும்பம். பேக்டரி கேட்டுக்கு முன்னால் கால்பந்துக் கோப்பையோடு ஒரு டீம். காதுகுத்து முடிந்து அழும் குழந்தை. ஒரு பிரதியை நானும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பேன். யாரும் மாட்டேன் என்றதில்லை. அவற்றையெல்லாம் ஓர் இணையப் பக்கத்தில் ஏற்றத் தொடங்கினேன். பள்ளிக்கூட நாட்களிலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறவன் நான். ஆகவே படத்தை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வாசல், நிற்பவர் யார், கையில் இருப்பது என்ன என்று கீழே விவரம் எழுதினேன். இடம் தெரியாத படம் எனக்குப் படமே அல்ல.

"ஏனுங்க, ஓரத்துல ஒரு நாய் நிக்குதே, அது எந்த ஊட்டு நாய்னு எழுதலீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். அவள் கேலிக்குக் கேட்டது. நான் உண்மையாகவே விசாரித்து எழுதிய நாட்களும் உண்டு.

கொஞ்ச நாளில் பழைய படங்கள் போதவில்லை. இன்றைக்கு நடப்பதும் நாளைக்குப் பழையதுதானே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு கிளம்பிவிடுவேன். இலை எடை போடும் இடம், மினி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், மழைக்குப் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு ரேஷன் கடையில் நிற்பவர்கள். கோத்தகிரி சாலையில் ஓர் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு அடிக்கடி போனேன். அங்கே ஓர் அக்கா எனக்குப் பழக்கம். சிலோனிலிருந்து சின்னப் பெண்ணாகக் கப்பலேறி வந்தவர். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றுவிட்டார். மகன் அதே தோட்டத்தில் வாட்ச்மேனாக இருந்ததால் வீடு கையில் இருந்தது. நாங்களெல்லாம் லைன் என்று சொல்வதை அவர் இன்றும் லயம் என்றுதான் சொல்வார்.

ஒரு காலையில் நான் போனபோது அக்கா தம் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே குனிந்து விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அடுப்பின் மேல் பாத்திரம் எதுவும் இல்லை. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் ஈரத்தோடு எரிந்தன. ஓட்டு இடுக்குகள் வழியே புகை வெளியேறிக்கொண்டிருந்தது.

"கேஸ் இருக்கேங்க அக்கா, எதுக்கு இந்தப் பாடு?"

"கேஸு என் வீட்டுக்கு, தம்பி. இந்த வீட்டுக்கு விறகுதான். கேஸுல பொகை வருமா?"

பிறகு விளக்கினார். அந்த வீட்டுக் கணவனும் மனைவியும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். தோட்டத்தில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்று ஆனதிலிருந்து நிறையப் பேர் அப்படிப் போனார்கள். விலை ஏறினால் திரும்பி வருவார்கள். வருவதற்கு வீடு வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டை எஸ்டேட் திரும்ப எடுத்துக்கொள்ளும். காலையில் மேல்ரோட்டில் ஜீப்பை நிறுத்தி ஃபீல்டு ஆபீசர் கீழே லைனைப் பார்ப்பார். எந்தக் கூரையில் புகை இல்லையோ அந்த வீட்டைக் குறித்துக்கொள்வார். அதனால் இருப்பவர்கள் போனவர்களின் அடுப்பை மூட்டினார்கள். மூட்டுவதோடு விடவில்லை. அந்த வீட்டுக்காரரின் சட்டை ஒன்றை அக்கா தினமும் துவைத்துக் கொடியில் போட்டார். யாரும் போடாத சட்டை துவைத்தே வெளுத்திருந்தது.

"அந்த மனுசன் ஊருல இருந்தப்போகூட இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல," என்றார்.

படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எடுங்க தம்பி, பொகை நல்லா தெரியுற மாதிரி எடுங்க," என்றார். எடுத்தேன். அதேபோல் ஆளில்லாமல் புகை காட்டிய வேறு வீடுகளையும் எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம், அடுப்படியில் குனிந்த அந்த முதுகும் கூரையைத் தேடிப் போகும் புகையும்தான். அன்று மாலையே அதை மட்டும் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். எந்த எஸ்டேட், எத்தனையாவது லைன், எத்தனையாவது கதவு, குடும்பம் திருப்பூரில், அடுப்பு மூட்டுபவர் பக்கத்து வீட்டுக்காரர், காரணம் இன்னது. ஒரு விவரம் விடவில்லை. படத்துக்கு அனுமதி கேட்டேன். அதன் கீழே எழுதப்போகும் வரிகளுக்கு அனுமதி கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பு வேறு எதற்கும் கிடைத்ததில்லை. துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊர்க்காரர்கள் எழுதினார்கள். இப்படியும் மனிதர்களா என்று உருகினார்கள். நானும் உருகினேன். ஒரு வாரம் கழித்து எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் கடைக்கு வந்து, அந்தப் பதிவைப் பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னார்.

"துரை கேட்டாருங்க. கலர்ல வேணுமாம்."

தோட்டத்தில் மேனேஜரை இன்னும் துரை என்றுதான் சொல்வார்கள். மேனேஜரே என் படத்தை விரும்பிக் கேட்கிறார் என்று எனக்குப் பெருமை. நல்ல தாளில் போட்டு, எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று ஒரு முறை சரிபார்த்து, உறைக்குள் வைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

அதற்கடுத்த நாள் அக்கா கடைக்கு வந்தார். மலையேறி வந்ததில் மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, அந்தப் பொகை சமாச்சாரத்த எழுதிப்போட்டீங்களா?"

"போட்டேங்க அக்கா. எல்லாரும் பாராட்டறாங்க."

"தொரையும் பாராட்டிட்டாரு. அந்த வீட்ட எடுக்கப் போறாங்களாம். கடுதாசியோட ஃபீல்டு ஆபீசர் வந்து நிக்கிறாரு."

நான்தான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். உடனே அந்தப் பதிவை அழித்தேன். அழித்து என்ன பயன்? அதன் கலர்ப் பிரதி என் கையாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

அக்கா ஒரு வழி யோசித்துக்கொண்டே வந்திருந்தார். "உங்க கடைத் தாளுல ஒரு வரி எழுதிக் குடுங்க. தப்பா போட்டுட்டேன், அந்த வீட்டுல ஆளு இருக்குன்னு எழுதினாப் போதும்."

"இல்லாத ஆள இருக்குன்னு எப்படிங்க அக்கா எழுதறது?"

"வரப்போற ஆளு இருக்குற ஆளுதானே, தம்பி. நீங்களே போட்டோ எடுத்தீங்க. பொகை வந்துச்சா இல்லையா? அதத்தானே எழுதச் சொல்றேன்."

நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். அன்று மாலை உட்கார்ந்தேன். தவறாகப் பதிவிட்டேன் என்று எழுதினால் பொய். நான் தவறாகப் பதிவிடவில்லை. என் பக்கத்தில் இருந்த ஆயிரக்கணக்கான வரிகளில் ஒன்று பொய் என்று நானே கையெழுத்துப் போட்டால் மற்றவற்றை யார் நம்புவார்கள் என்று யோசித்தேன். பொய்யாகவும் இருக்கக் கூடாது, வீடும் போகக் கூடாது. அப்படி ஒரு வாக்கியத்தைத் தேடினேன். மறுநாளும் தேடினேன். அதற்கடுத்த நாளும்.

"கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இத்தன தடவ புரூஃப் பாக்கமாட்டீங்க," என்றாள் மனைவி. "அந்தக்கா கேட்டது ஒரு வரி. நீங்க என்ன, தீர்ப்பா எழுதறீங்க?"

வாரக் கடைசியில் வாக்கியம் கிடைத்தது. மேற்படி படம் ஒரு குறிப்பிட்ட காலையில் எடுக்கப்பட்டது. அக்குடும்பத்தினர் அங்கே நிரந்தரமாக வசிக்கிறார்களா இல்லையா என்பது குறித்து இந்தப் பக்கத்துக்கு நேரடியாக எதுவும் தெரியாது. படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் பொய்யில்லை என்று எனக்கே ஒரு திருப்தி. எடுத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன்.

மேனேஜர் மரியாதையானவர். டீ வரவழைத்தார். தாளைப் படித்துவிட்டு மேஜை மேல் வைத்தார்.

"இத முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே சார். எனக்கு ஒரு பேப்பர் இருந்தாப் போதும். இன்னார் இப்படி எழுதிக் குடுத்திருக்கார்னு ஃபைல்ல வெச்சு மூடியிருப்பேன். வடக்கேயிருந்து வேலைக்கு ஆள் வராங்க, காலி வீடு எத்தனைன்னு ஹெட் ஆபீஸ்ல கேட்டுட்டே இருக்காங்க. பாதிக்கு மேல நான் கண்டுக்கறதில்ல. புகை வந்தா எனக்கும் நிம்மதிதான். நீங்க ஊருக்கே தெரியற மாதிரி போட்டுட்டீங்க. அப்புறம் நான் எப்படிப் பாக்காத மாதிரி இருக்கறது? நேத்து பூட்டு போட்டாச்சு."

அவர் மேல் கோபப்படுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கணவனும் மனைவியும் சாமான் எடுக்க வந்தார்கள். நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று நடுவழியில் தோன்றியது. ஆனாலும் போனேன். எஸ்டேட் ஆள் பூட்டைத் திறந்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்தார். கட்டிலைக் கழற்றியபோது ஒரு முனையைப் பிடித்தேன். அந்த மனிதர் என்னை யாரென்று தெரிந்துதான் வைத்திருந்தார்.

"இருக்கட்டுங்க, விடுங்க. கையில அழுக்காகும்."

"என்னாலதான் இப்படி ஆயிடுச்சுங்க."

"எப்பயாவது எடுத்திருப்பாங்க," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர் மனைவி கொடியிலிருந்து வெளுத்த சட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது யாருதுக்கா?" என்று கேட்டாள். அக்கா சொன்னதும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிவதற்குள் அதில் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். சாமான் ஏற்றிய டெம்போ கீழே இறங்கியது. இனி விலை ஏறினாலும் அவர்கள் திரும்பி வருவதற்கு இந்த மலையில் கதவு கிடையாது.

மறுநாள் கடை திறந்ததும் அக்கா வந்தார். இந்த முறை உட்கார்ந்தார்.

"மத்த வீட்டையும் எடுத்தீங்களே தம்பி, அதெல்லாம் எங்க இருக்கு?"

"அத எதையும் போடலீங்க அக்கா. கம்ப்யூட்டர்ல மட்டும்தான்."

"அழிச்சிருங்க. நான் இருக்கையிலேயே."

திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு படமாகத் திறந்து காட்டி அழித்தேன். கண்ணாடி போடாமல் அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் கழுத்தை நீட்டிப் பார்த்து, இது கடைசி வீடு, இது தண்ணி டேங்க் பக்கத்து வீடு என்று உறுதி செய்துகொண்டார். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

"எல்லாம் போச்சா?"

"போச்சுங்க அக்கா."

ஒரு வாரம் தேடியும் மேனேஜருக்கு எழுத வராத பொய், அக்காவிடம் யோசிக்காமலே வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி வீட்டு அலமாரியில் ஹார்டு டிஸ்கில் இருந்தது. அவர் படியிறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிடவில்லை.

மாலையில் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் டிஸ்க்கை மாட்டினேன். படங்கள் இருந்தன. இவ்வளவு நல்ல படங்கள். இன்னும் முப்பது வருடம் கழித்து, இந்தச் சரிவில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் எப்படி இருந்தார்கள் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது? முகம் தெரியாத படங்கள்தானே, விவரத்தை மட்டும் நீக்கிவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. முதல் படத்தின் குறிப்பில் லைன் எண்ணை நீக்கினேன். அடுத்ததில் கதவு எண்ணை. பின்னால் தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால் ஊர்க்காரருக்கு இடம் தெரிந்துவிடும், அதை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெட்டினால் புகை பாதியில் நின்றுவிடும். எந்த அளவுக்கு வெட்டலாம் என்று திரையில் கோடு போட்டு நகர்த்திக்கொண்டிருந்தபோதுதான், நான் மறுபடியும் அதே வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருப்பது புரிந்தது.

படங்களை எல்லாம் தேர்வு செய்து அழித்தேன். அடுப்படியில் குனிந்த அந்த முதுகும் அதில் போனது. காலி ஃபோல்டர் ஒன்று மிஞ்சியது. அதன் பெயராக எஸ்டேட்டின் பெயரையும் லைன் எண்ணையும் நான்தான் எழுதியிருந்தேன். அதையும் அழித்தேன்.